நிலத்தை அடகு வைக்கும் முன் மருத்துவச் சோதனை

வணக்கம் அம்மா. மகள் பத்தாம் வகுப்பு முடித்த கையோடு விமானம் ஓட்டக் கற்க வேண்டும் என்கிறாள். அவளுடைய அப்பா நிலத்தை அடகு வைக்கவும் தயாராக இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். மகளின் ஆசை நல்ல ஆசை. நிலத்தை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள்.

வயது தடையே இல்லை. 16 வயது நிரம்பி, பத்தாம் வகுப்பு தேறியிருந்தால், விமானி உரிமம் வழங்கும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி மாணவர் விமானி உரிமம் எடுக்கலாம். 17 வயதில் பிபிஎல் எனப்படும் தனியார் விமானி உரிமம். கார் ஓட்டவே 18 ஆக வேண்டிய நாட்டில் இது பெரிய வாய்ப்புதான். ஆனால் பிபிஎல் வைத்துச் சம்பளத்துக்கு விமானம் ஓட்ட முடியாது. அதற்கு வணிக விமானி உரிமம், அதாவது சிபிஎல் வேண்டும்: 18 வயது, 200 மணி நேரப் பறப்பு, பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும். சிபிஎல்லுக்குப் பிபிஎல் கட்டாயமில்லை. எடுத்தால் அந்தப் பறப்பு மணிகள் 200-இல் சேரும். "பிபிஎல் முடித்தால் வேலை நிச்சயம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் செலவு மருத்துவச் சோதனையாக இருக்கட்டும். டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் 'கிளாஸ் 2' எனப்படும் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சோதனை செய்ய வேண்டும். கண், காது, ரத்தம், இசிஜி எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருப்பதாலேயே ஒதுக்க மாட்டார்கள். கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறக்குருடு கனவைக் கலைக்கக்கூடிய குறை, அது பலருக்கும் சோதனை மேசையில்தான் தெரியவருகிறது. சிறுவயதில் வலிப்பு, ஆஸ்துமா ஏதும் வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சிபிஎல்தான் இலக்கு என்றால் முதல் வகுப்புச் சோதனையிலும் தேறிய பிறகே பெரிய தொகை கட்டுங்கள். லட்சக்கணக்கில் கட்டியபின் அந்தச் சோதனையில் தகுதியில்லை என்றாகிவிட்டால் தாங்குவது கடினம், அம்மா.

அடுத்தது பிளஸ் ஒன். பயோ-மேத்ஸோ கம்ப்யூட்டர் சயின்ஸோ, இயற்பியலும் கணிதமும் உள்ள குரூப்பை எடுக்கட்டும். பள்ளியை விட்டுவிட்டுப் பறக்கப் போவதை நான் ஏற்கவே மாட்டேன். உத்தரப் பிரதேசத்தின் ஃபுர்சத்கஞ்சில் மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி இருக்கிறது. அங்கே நுழைவுத் தேர்வு எழுதவும் பிளஸ் டூ வேண்டும்.

பிபிஎல்லுக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் ஒரு பகுதி சோலோ, பயிற்றுநர் இல்லாமல் தனியாக. தனியாக 150 கடல் மைல் தூரம் போய், வழியில் இரண்டு இடங்களில் இறங்கி வருவதும் உண்டு. பலருக்கு 40 போதாது, கூடுதல் மணிக்குக் கூடுதல் கட்டணம். மழைக்காலத்தில் சிறிய விமானங்கள் நாள் கணக்கில் தரையிலேயே நிற்கும். அதனால் பயிற்சிப் பள்ளியில் கட்டிடத்தைப் பார்க்காதீர்கள். இன்று பறக்கும் நிலையில் எத்தனை விமானம், எத்தனை பயிற்றுநர், வரிசையில் எத்தனை மாணவர் என்று கேளுங்கள். சென்ற ஆண்டு சேர்ந்த பிள்ளைகளிடம் தனியாகப் பேசுங்கள். டிஜிசிஏ பட்டியலில் அந்தப் பள்ளி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். முழுப் பணத்தையும் ஒரே தவணையில் கட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தமிழ் வழியில் படித்தவளாயிற்றே என்று கவலைப்பட்டிருந்தீர்கள். வானொலியில் பேசுவது அளவான ஆங்கிலம்: ஓடுபாதை எண், காற்றின் திசை, உயரம், விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னதைப் பிழையின்றித் திருப்பிச் சொல்வது. பழகினால் வந்துவிடும். ஆனால் விமானச் சட்டம், வானில் வழி கண்டறியும் நேவிகேஷன், வானிலை, எஞ்சின் என்று பாடங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். இந்த இரண்டு வருடமும் இயற்பியலை ஆங்கிலப் புத்தகத்திலும் சேர்த்துப் படிக்கட்டும்.

சிபிஎல் வரை போக அரைக் கோடி ரூபாயை ஒட்டிச் செலவாகும். அந்த முடிவைப் பிளஸ் டூ முடிவுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இந்த மாதம் மருத்துவச் சோதனைக்கு மட்டும் நேரம் வாங்குங்கள். முடிவு வந்ததும் எழுதுங்கள், பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்தே அலசுவோம்.