நிதி திரட்டும் நெடுந்தூர சைக்கிள் பயணம்: கேள்வி பதில்

கேள்வி: ஒரு தொண்டு அமைப்புக்கு நிதி திரட்ட, நண்பர்கள் ஐந்து பேர் ஒரே நாளில் 120 கி.மீ. ஓட்டப்போகிறோம். இதுவரை 30 கி.மீ.க்கு மேல் ஓட்டியதில்லை. எத்தனை வாரப் பயிற்சி தேவை?

பதில்: பன்னிரண்டு வாரம் இருந்தால் பதற்றமின்றித் தயாராகலாம். வாரத்தில் இரண்டு நாள் ஒரு மணி நேரமும், விடுமுறை நாளில் ஒரு நீண்ட ஓட்டமும் போதும். நீண்ட ஓட்டத்தை வாரந்தோறும் ஏழெட்டு கி.மீ. கூட்டிக்கொண்டே வந்து, நான்கு வாரத்துக்கு ஒருமுறை குறைத்து உடலுக்கு ஓய்வு கொடுங்கள். 90 கி.மீ.யை எட்டிவிட்டால் மீதி முப்பதைப் பயண நாளன்று கடந்துவிடலாம். கடைசி வாரத்தில் தூரத்தைக் கூட்டுவது கால்களைக் களைப்பாக்குமே தவிர, வலிமை தராது.

கேள்வி: எங்களில் இருவர் வேகமானவர்கள், ஒருவர் மிகவும் மெதுவானவர். எப்படிச் சேர்ந்து ஓட்டுவது?

பதில்: இந்தக் கேள்வியைப் புறப்படும் முன்பே கேட்டது நல்லது, பெரும்பாலான குழுக்கள் பாதி வழியில், கோபத்தோடுதான் கேட்கின்றன. சமதரையில் ஓட்டுபவரின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. எனவே முன்னால் செல்பவரின் பின்னே நெருங்கி ஓட்டுபவருக்கு, வேகத்தையும் இடைவெளியையும் பொறுத்து, கால் பங்குக்கும் மேலான உழைப்புகூட மிச்சமாகும். வலுவான இருவரும் முறைவைத்து முன்னே செல்லட்டும். மெதுவானவர் இரண்டாவது அல்லது மூன்றாவது இடத்தில் வரட்டும். அவரைக் கடைசியில் விட்டால், சிறு இடைவெளி விழுந்ததும் தனியாக எதிர்காற்றில் மாட்டிக்கொள்வார். உங்கள் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையவே கூடாது. இரண்டும் உரசினால் விழுபவர் பெரும்பாலும் பின்னால் வருபவரே. ஏற்றத்தில் அவரவர் வேகத்தில் ஏறி உச்சியில் காத்திருக்கலாம். ஆனால் முன்னே சென்றவர்கள் பத்து நிமிடம் இளைப்பாறிவிட்டு, கடைசி ஆள் மூச்சிரைக்க வந்து ஒரு காலைத் தரையில் ஊன்றியதுமே "சரி, கிளம்பலாம்" என்பார்கள். யாருக்கு ஓய்வு மிகவும் தேவையோ அவருக்கு அது கிடைக்காமலே போகும். அவர் தண்ணீர் குடித்து, ஏதாவது தின்று முடித்த பிறகே கிளம்புவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வழியில் எவ்வளவு சாப்பிட வேண்டும்?

பதில்: மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, பசி எடுக்கும் முன்பே, சிறிது சிறிதாக. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகலாம். எனவே தாகத்துக்கேற்பக் குடியுங்கள். நெடுநேரம் வியர்த்தால் உப்பும் சேர வேண்டும்.

கேள்வி: ஐம்பது கி.மீ.க்குப் பிறகு உட்காரவே முடியவில்லை, சுண்டுவிரலும் மரத்துப்போகிறது.

பதில்: திண்டு வைத்த சைக்கிள் கால்சட்டையை உள்ளாடையின்றி அணியுங்கள், ஏனெனில் தோலை உரசிப் புண்ணாக்குவது பெரும்பாலும் உள்ளாடையின் தையல்தான். இருக்கையில் அமர்ந்து, கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுவே ஏறத்தாழச் சரியான உயரம். ஹேண்டில்பாரில் உடல் எடை சாய்வதால் உள்ளங்கை ஓரத்து நரம்பு அழுந்துகிறது. அதனால்தான் விரல் மரத்துப்போகிறது. ஹேண்டில்பாரில் கை பிடிக்கும் இடத்தை அடிக்கடி மாற்றிப் பாருங்கள்; அப்படியும் தொடர்ந்தால் ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்த வேண்டியிருக்கும். புதிய இருக்கையைப் பயண நாளன்று முதன்முதலாகப் பொருத்தாதீர்கள்.

கேள்வி: பஞ்சருக்கு என்ன எடுத்துச் செல்வது?

பதில்: ஆளுக்கு இரண்டு டியூப், டயர் நெம்பிகள், ஒரு சிறிய பம்ப். புது டியூபைப் போடும் முன் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவி, குத்திய முள்ளை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: தங்குமிடச் செலவை நன்கொடையிலிருந்து எடுக்கலாமா?

பதில்: கூடாது என்பதே என் கருத்து. செலவை நீங்களே ஏற்று, அதை நன்கொடை கேட்கும் கடிதத்திலேயே குறிப்பிட்டால், கேட்பதில் உள்ள கூச்சமும் பாதி குறையும். பணம் நேரடியாகத் தொண்டு அமைப்பின் கணக்குக்கே செல்லட்டும். ஒருமுறை எங்கள் குழுவில் ஒருவரின் சொந்தக் கணக்கில் வாங்கினோம். பயணம் இரண்டே நாளில் முடிந்தது, கணக்கைப் பிரித்தெடுக்க மூன்று வாரம் ஆயிற்று.

கேள்வி: ஒருவரால் முடிக்க இயலாவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

பதில்: கி.மீ.க்கு இவ்வளவு என்று வாக்களித்தவரிடம், ஓட்டிய தூரத்துக்கு மட்டும் பெறுங்கள். மொத்தமாகத் தந்தவருக்கு, "84 கி.மீ.யில் முழங்கால் வலியால் நிறுத்திவிட்டேன்" என்று அன்றிரவே உள்ளபடி எழுதிவிடுங்கள். அப்படி இரண்டு முறை எழுதியிருக்கிறேன். பணத்தைத் திருப்பிக் கேட்டவர் எவருமில்லை, ஒருவர் மட்டும் முழங்காலுக்குத் தைலம் அனுப்பினார்.