நிதி குறைந்தால் பாடசாலைக் கணினி அறைக்கு என்ன ஆகும்?

திருகோணமலைப் பாடசாலைகளில் அரச நிதி குறைந்தால் கணினிக் கல்வி எப்படிப் பாதிக்கப்படும் என்று கேட்டிருக்கிறீர்கள். கணினிகள் ஒரே நாளில் காணாமல் போவதில்லை, முதலில் நிற்பது பராமரிப்புத்தான். இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது. பாகங்கள் எல்லாம் இறக்குமதி. அதே ஒதுக்கீட்டில் வாங்கக்கூடியது ஏறக்குறையப் பாதியாகிவிட்டது.

இங்கே உப்புக் காற்று வேறு. நான் படிப்பித்த கடலோரப் பாடசாலையில் ரேம் எனும் நினைவக அட்டையின் முனைகள் கறுத்துப்போயிருந்தன. அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்து ஓட்டினோம். மின்சாரம் போனால் கைகொடுக்கும் யூபிஎஸ்ஸின் பற்றரி செத்தால், அப்படித் தேய்த்து ஓட்டும் வழியும் இல்லை. அப்புறம் ஒரு திரைக்கு நான்கு பிள்ளைகள். ஒருவர் விசைப்பலகையைத் தொட, மற்ற மூவரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் கணினி உள்ள பிள்ளை எப்படியோ சமாளித்துவிடும். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த ஒரு பாடவேளைதான். அதனால், புதுக் கணினி கேட்பதற்கு முன் திருத்தச் செலவுக்குப் பணம் கேளுங்கள்.