அறுபது வயதில் அரிதாரம்

வாசகர் கேள்விகளும் ஆசிரியர் பதில்களும்

கேள்வி: முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பாரதக் கூத்தில் வேடம் கட்டி வருகிறேன், வயது அறுபதாகிவிட்டது. இனிமேல் சினிமாவில் யார் கூப்பிடப் போகிறார்கள் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். கனடாவில் பூர்வகுடித் தலைவர் ஒருவர் அறுபது வயதில்தான் நடிக்கவே தொடங்கினார் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அவரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டுகிறேன், ஐயா. (கூத்துக் கலைஞர், பென்னாகரம்)

பதில்: ஒரு வரியோடு நிறுத்தியது என் பிழைதான். அவர் டான் ஜார்ஜ். கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் நகருக்கு எதிரே நிலத்துக்குள் நீண்டு கிடக்கும் கடல்நீர்ப் பரப்பின் கரையில் வாழும் ஸ்லேவாட்டூத் மக்களில் ஒருவராக 1899 ஜூலை 24 அன்று பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வேறு. ஐந்து வயதில் கிறித்தவ மிஷனின் உறைவிடப் பள்ளியில் சேர்த்தபோது, தாய்மொழி பேசத் தடை விதித்ததோடு பெயரையும் மாற்றிவிட்டார்கள். தந்தையின் பெயரான ஜார்ஜ் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. பின்னாளில் உலகம் அறிந்தது அந்தப் பள்ளிப் பதிவேட்டுப் பெயரைத்தான்.

மரம் வெட்டினார், பிறகு கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் துறைமுகத்தில் கப்பல்களுக்கு மரம் ஏற்றும் சுமைத் தொழிலாளியாக உழைத்தார். 1947இல் நேர்ந்த விபத்து அந்த வேலைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கட்டட வேலை, பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை என்று கிடைத்ததைச் செய்தார். இடையிடையே பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஓர் இசைக்குழு நடத்தி, விழாக்களில் தாமே பெரிய பாஸ் வயலின் வாசித்தார். ஆக, அறுபதில் அவர் மேடைக்குப் புதியவர் அல்லர்; கேமராவுக்குத்தான் புதியவர். உங்கள் நிலையும் அதுவே என்பதை வீட்டாரிடம் சொல்லுங்கள். 1951 முதல் 1963 வரை தம் மக்களின் தலைவராகவும் இருந்தார். அவர் பெயருக்கு முன்னால் ‘சீஃப்’ என்று போடுவது பட விளம்பரத்துக்காகச் சூட்டிய பட்டம் என்று பலர் நினைக்கிறார்கள்; அது சபையில் பெற்ற பதவி.

1960வாக்கில் கனடா அரசுத் தொலைக்காட்சியில் ‘காரிபூ கன்ட்ரி’ என்ற தொடர் உருவானது. அதில் முதிய பூர்வகுடி வேடத்தில் நடித்துவந்தவர் ஒரு வெள்ளைக்காரர். அவர் நோய்வாய்ப்பட்டபோது, அதே தொடரில் நடித்துக்கொண்டிருந்த டான் ஜார்ஜின் மகன், தம் தந்தையைக் கொண்டு முயன்று பார்க்கலாமே என்றார். வாய்ப்பு வந்த வழி அவ்வளவுதான். அத்தொடரின் ஒரு கதையை வைத்து 1969இல் டிஸ்னி நிறுவனம் படம் எடுத்தபோது, அந்த வேடம் அவரிடமே வந்தது.

நாடக மேடையில் அவர் பெயரை நிலைநாட்டியது, 1967 நவம்பரில் வான்கூவரில் அரங்கேறிய ‘தி எக்ஸ்டசி ஆஃப் ரீட்டா ஜோ’. பிழைப்பு தேடி நகரத்துக்கு வந்து, நீதிமன்றப் படிகளில் அலைக்கழிந்து, இறுதியில் கொல்லப்படும் பூர்வகுடிப் பெண்ணின் கதை அது. அவளுடைய தந்தையாக நடித்தார். ஆனால் அந்த மகளாக முதலில் நடித்தவர் ஒரு வெள்ளைக்கார நடிகை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்; காலம் பாதிதான் மாறியிருந்தது.

அதே ஆண்டு ஜூலை 1 அன்று, கனடா உருவான நூற்றாண்டு விழாவில், வான்கூவர் விளையாட்டரங்கில் கூடியிருந்த 30,000க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் அவர் பேசினார். வாழ்த்துரையை எதிர்பார்த்த கூட்டத்துக்கு அவர் தந்தது ஒப்பாரி. இந்த நூறு ஆண்டுகளில் தம் மக்கள் இழந்த காடுகளையும் ஆறுகளையும் மீன்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி அழைத்தார். நம்மூரில் இழவு வீட்டுத் திண்ணையில் போனவரின் குணம் சொல்லி அழும் முறைக்கும் அதற்கும் அதிகத் தொலைவு இல்லை.

கேள்வி: வாழ்விலும் பூர்வகுடித் தலைவர், திரையிலும் பூர்வகுடித் தலைவர். உள்ளதை உள்ளபடி காட்டுவது நடிப்பாகுமா? (கல்லூரி ஆசிரியர், கிருஷ்ணகிரி)

பதில்: நியாயமான கேள்விதான், ஆனால் அதற்குள் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. அவருக்குப் பெரும்புகழ் தந்த ‘லிட்டில் பிக் மேன்’ (1970) படத்தில் அவர் ஏற்றது, குதிரையேறிக் காட்டெருமை வேட்டையாடும் சமவெளி மக்களான செயேன் இனத்து முதியவரின் வேடம். டான் ஜார்ஜோ, படகும் சால்மன் மீனுமாக வாழ்ந்த கடற்கரை மக்களைச் சேர்ந்தவர். மொழி வேறு, உடை வேறு, வழிபாடு வேறு. சித்தேரி மலைக்காரர் ஒருவரை நீலகிரித் தோடராக நடிக்கச் சொன்னால், அவர் தம்மையே காட்டிவிட்டு வந்துவிட முடியுமா?

அப்படத்தில் அந்த முதியவர், சாவை அழைத்துக்கொண்டு குன்றேறிப் படுக்கிறார். சாவு வரவில்லை, மழைத்துளி முகத்தில் விழுகிறது, எழுந்து, வளர்ப்பு மகனோடு பேசிக்கொண்டே வீடு திரும்புகிறார். மூல நாவலில் அவர் இறந்துபோகிறார். படத்தில் பிழைத்து எழும் அந்தக் கணத்தில் சிரிப்பும் துயரமும் ஒரே முகத்தில் தெரியும்படி நடிப்பது எளிதன்று. கட்டியங்காரன் அழுகைக் காட்சியிலும் அவையைச் சிரிக்கவைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நியூயார்க் திரை விமர்சகர்கள் அவருக்குச் சிறந்த துணை நடிகர் விருதளித்தார்கள். 1971 ஆஸ்கருக்கும் அவர் பெயர் முன்மொழியப்பட்டது. நடிப்புக்காக அவ்வாறு முன்மொழியப்பட்ட முதல் வட அமெரிக்கப் பூர்வகுடி அவரே. விருது ஜான் மில்ஸ் என்ற ஆங்கிலேய நடிகருக்குப் போயிற்று.

கேள்வி: மலைவாழ் மக்கள் என்றாலே கோமாளியாகவோ கொடியவராகவோ காட்டும் வேடங்களை அவர் எப்படி எதிர்கொண்டார்? அவருக்குப் பின் யார் வந்தார்கள்? (மாணவி, அரூர்)

பதில்: தம் மக்களை இழிவுபடுத்தும் வேடங்களை அவர் ஏற்கவில்லை. எழுபது வயதில், குடும்பத்தோடு எளிமையாக வாழ்ந்துகொண்டே அப்படி மறுப்பதற்குத் துணிவு வேண்டும். ஆனால் சிரிப்பை அவர் மறுக்கவில்லை. ‘தி அவுட்லா ஜோசி வேல்ஸ்’ (1976) படத்தில், வாஷிங்டனுக்குப் போய் அதிகாரிகளின் இனிய சொற்களைக் கேட்டு ஏமாந்து திரும்பிய செரோக்கி முதியவராக, தம்மைத் தாமே கிண்டல் செய்துகொள்கிறார். அங்கே சிரிப்புக்கு இலக்காவது அந்த அதிகாரிகள்தான். அவர் 1981 செப்டம்பர் 23 அன்று காலமானார்.

அவருக்கு அடுத்தபடியாக ஆஸ்கர் நடிப்புப் பட்டியலில் இடம்பெற்ற வட அமெரிக்கப் பூர்வகுடி, ஒனைடா இனத்து கிரகாம் கிரீன். அதற்கு 1991 வரை, இருபது ஆண்டுகள் ஆயின. அவரும் பற்றவைப்பு வேலை செய்து, டொரண்டோ நாடக மேடையில் தேறித் திரைக்கு வந்தவரே. செரோக்கி நடிகர் வெஸ் ஸ்டூடிக்கு 2019இல் கௌரவ ஆஸ்கர் வழங்கப்பட்டது. 2024இல் லில்லி கிளாட்ஸ்டன் சிறந்த நடிகைக்கான பட்டியலில் இடம்பெற்றார். முதன்மை வேடத்துக்காக அவர் பெயர் முன்மொழியப்பட்டதைக் குறிப்பாகக் கவனியுங்கள்.