புலம்பெயர் வாழ்வைச் சொல்லும் கலப்பு ஊடகக் (ஓவியம், அச்சு, ஒட்டுப்படம் என ஒரே படைப்பில் பலவற்றைக் கலக்கும்) கலைஞர்களில் உங்களை அதிகம் பாதித்தவர் யார்? ஏன்?

ன்ஜிடேகா அகுன்யிலி கிராஸ்பி. 1983இல் நைஜீரியாவின் எனுகு நகரில் பிறந்து, 16 வயதில் அமெரிக்காவுக்குப் போனவர். இப்போது லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறார். 2017இல், படைப்பாற்றல் மிக்கவர்களுக்கு அமெரிக்காவில் தரப்படும் மெக்ஆர்தர் நல்கையைப் பெற்றார்.

அவருடைய படங்களைத் தள்ளி நின்று பார்த்தால் சாதாரண வீட்டுக் காட்சிதான். ஒரு பெண், ஒரு மேசை, சில படங்களில் அவருடைய அமெரிக்கக் கணவர். பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் சுவர், தரை, சில இடங்களில் உடம்புகூட, சின்னச் சின்னப் படங்களால் நிறைந்திருப்பது தெரிகிறது. குடும்பப் படங்கள், நைஜீரியப் பத்திரிகைப் பக்கங்கள், அங்கே பிரபலமானவர்களின் முகங்கள். அந்த ஊரில் வளர்ந்தவருக்கு அவற்றில் பாதி சட்டென்று அடையாளம் தெரியும். எனக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையையும் சேர்த்துத்தான் அவர் வரைகிறார் என்று நினைக்கிறேன்.

ஆனால் என்னை உண்மையில் பிடித்து இழுத்தது அவர் கைக்கொள்ளும் முறை. லேசர் பிரிண்டையோ ஜெராக்ஸையோ தாளின் மேல் கவிழ்த்து வைத்து, பின்பக்கம் அசிட்டோன் (நகப்பூச்சை அழிக்கப் பயன்படும் திரவம்) தடவித் தேய்ப்பார்கள். டோனர், அதாவது அச்சின் மைத்தூள், இளகி அடியிலுள்ள தாளில் ஒட்டிக்கொள்ளும். முழுசாக ஒட்டாது. சில இடம் வெளிறும், சில இடம் விட்டுப்போகும். படம் இடவலம் மாறியும் விழும்.

என் தாத்தாவின் பழைய படம் ஒன்றை வைத்து நானும் இப்படிச் செய்து பார்த்தேன். முகத்தில் ஒரு கண் வரவே இல்லை. இடது கையில் அவர் கட்டியிருந்த கடிகாரம் வலது கைக்கு மாறியிருந்தது. அவர் குரல் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்கும் இப்படித்தான் பாதி வரும், பாதி தப்பாக வரும். அந்தத் தாளைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. (ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், அசிட்டோன் நெடி தலையைச் சுற்ற வைக்கும்.)

புலம்பெயர்வு என்றதும் பெட்டி, பாஸ்போர்ட், வரைபடம் என்று ஒட்டிவைக்கும் படைப்புகள் நிறைய. அவை சொல்வது எனக்குப் புரிகிறது, மனசில் தங்குவதில்லை. கிராஸ்பியிடம் ஊரை விட்டு வந்த துயரம் என்று தனியாக எதுவும் இல்லை. அவருடைய ஆட்கள் அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கிறார்கள்; அவர்களுக்குப் பின்னால் சுவரெல்லாம் நைஜீரியா இருக்கிறது.

அவரைப் பார்க்கத் தொடங்க நினைத்தால் பிரிட்டனின் டேட் அருங்காட்சியகச் சேகரிப்பில் உள்ள 'பிரெடிசெசர்ஸ்' (2013) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னோர் என்று பொருள். முகங்களைப் பார்ப்பதற்கு முன் சுவர்களைப் பாருங்கள்.