முடுக்கு வீட்டில் வண்டியை எங்கே கட்டுவது?

வாசகர் கேள்வி: அண்ணாச்சி, நெல்லை டவுனில் ஒரு முடுக்குக்குள், அதாவது குறுகிய சந்துக்குள், பல குடித்தனம் சேர்ந்திருக்கிற வளவு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஸ்பிளெண்டர் வாங்கி இரண்டரை வருஷம் ஆகிறது. ஷெட் கிடையாது, பூட்டுகிற மாதிரி கேட்டும் கிடையாது. ராத்திரி வளவு வாசலில்தான் நிற்கிறது. போன மாசம் பக்கத்து முடுக்கில் ஒரு வண்டி காணாமல் போய்விட்டது. டிஸ்க் லாக் வாங்கிப் போட்டால் போதுமா, இல்லை தினமும் வீட்டுக்குள் ஏற்றிவிடவா? வேலை விஷயமாக வருஷத்துக்கு இரண்டு தடவை, மாசக்கணக்கில் வெளியூர் போக வேண்டியிருக்கிறது. அப்போது என்ன செய்வது?

பதில்: முதலில் டிஸ்க் லாக்கை மறந்துவிடுங்கள் தம்பி. ஸ்பிளெண்டரில் முக்கால்வாசி டிரம் பிரேக் வண்டிதான். முன் சக்கரத்தில் ஓட்டை ஓட்டையாக ஒரு தட்டு இல்லை என்றால் அந்தப் பூட்டை மாட்டவே இடம் கிடையாது. இது தெரியாமல் வாங்கி வந்து, என் பட்டறையில் நின்று "எங்கே மாட்டணும் அண்ணாச்சி?" என்று கேட்டவர்கள் உண்டு.

டிஸ்க் இருக்கிற வண்டிக்கும் அது பாதி வேலைதான் செய்யும். சக்கரம் சுற்றாது, சரி. தூக்கினால்? ஸ்பிளெண்டர் பெட்ரோலோடு சேர்த்து 112 கிலோ. இரண்டு பேர் பிடித்தால் ஆளுக்கு 56. மண்டியில் 75 கிலோ மூட்டையை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றுகிறவர்களைப் பார்த்த ஊர் நம்முடையது. முடுக்கு முனையில் ஒரு குட்டியானை வண்டி, அதான் சின்ன லாரி, நின்றால் கதை முடிந்தது. ஹேண்டில் லாக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது ஓர் உதைக்குத் தாங்காது. வண்டியைத் தொலைத்துவிட்டு வருகிற எல்லோரும் "ஹேண்டில் லாக் போட்டிருந்தேனே" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

வீட்டில் மாடு வளர்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது சட்டென்று புரியும். கயிறு எவ்வளவு தடிமன் என்று யாரும் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள். முளை ஆடுகிறதா என்றுதான் காலால் தள்ளிப் பார்ப்பார்கள். வண்டி விஷயத்தில் நாம் தலைகீழாகச் செய்கிறோம். கயிறுக்குக் காசு செலவழிக்கிறோம், முளையைப் பற்றி யோசிப்பதே இல்லை. தடிச் சங்கிலி வாங்கி மழைநீர் இறங்குகிற பிளாஸ்டிக் குழாயில் கட்டியவரை எனக்குத் தெரியும். காலையில் குழாய் உடைந்து கிடந்தது, சங்கிலி வண்டியோடு போயிருந்தது. ஜன்னல் கம்பியும் நம்பத்தக்கதில்லை. பல வீடுகளில் அது மரச் சட்டத்தில் நாலு திருகாணியில் நிற்கிறது. இன்னொருவர் புறவாசலில் சும்மா கிடந்த ஆட்டுரலை உருட்டி வந்து அதில் கட்டினார். கல் கனமானதுதான், ஆனால் சங்கிலியை மேல்பக்கமாக உருவினால் வளையல் மாதிரி கழன்று வருகிறது! நாங்கள் சிரித்த சிரிப்பில் அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

ஆக, முதல் வேலை முளை அடிப்பது. வளவு வாசலில் மண் தரையோ சிமென்ட் தரையோ இருந்தால், வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுச் சுவர் ஓரமாக ஓரடிக்கு ஓரடி, ஓரடி ஆழம் தோண்டச் சொல்லுங்கள். வெல்டிங் பட்டறையில் 20 மில்லிமீட்டர் கம்பியை லாட வடிவில் வளைத்து, இரண்டு காலையும் அடியில் வெளிப்பக்கமாக மடக்கி வாங்குங்கள். மடக்காமல் வைத்தால் கொஞ்ச நாளில் ஆட்டி ஆட்டியே பிடுங்கிவிடலாம். 1 பங்கு சிமென்ட், 1½ பங்கு மணல், 3 பங்கு ஜல்லி போட்டுக் கலந்து ஊற்றினால் போதும். அந்தக் கட்டி மட்டுமே 65 கிலோவுக்கு மேல் வரும், அதுவும் மண்ணுக்குள். வளையம் தரைக்கு மேலே சங்கிலி நுழைகிற அளவுக்குத்தான் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நடைபாதையில் வைத்தால் வளவுப் பெரியவர்கள் காலில் இடித்துக்கொண்டு உங்களைத்தான் வைவார்கள்.

பழைய டவுன் வீடுகளில் சுவரில் போல்ட் அடித்து வளையம் மாட்ட மட்டும் நினைக்காதீர்கள். செங்கலும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டிய சுவரில் போல்ட் பிடிக்காது. கையால் இழுத்தாலே காரையோடு வரும். கல் தூண் இருக்கிற வீடென்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர், தூணைச் சுற்றிக் கட்டிவிடலாம்.

வீட்டுக்காரர் தரையைத் தொடக் கூடாது என்றால்? 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றில் அதே லாடக் கம்பியை நிறுத்தி கான்கிரீட் ஊற்றுங்கள். ஏறக்குறைய 48 கிலோ வரும். பூமியில் அடித்த முளைக்கு ஈடாகாது. ஆனால் வண்டியும் வாளியுமாக 160 கிலோவை ஒரே நேரத்தில் முடுக்கு முனை வரை தூக்கிப் போவது லேசான காரியம் இல்லை. வீடு மாறும்போது உருட்டிக்கொண்டும் போகலாம்.

வளவில் நாலைந்து வண்டி நிற்கிறது என்றால் எல்லோரும் சேர்ந்து சுவரோரம் இரண்டு முளை அடித்து, நடுவில் ஒரு தடித்த கம்பியை வெல்டிங் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. செலவு பங்காகிவிடும். காலையில் யார் வண்டி முதலில் வெளியே போக வேண்டும் என்பதில் மட்டும் சண்டை வரும், அதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சங்கிலி. இரும்புக்கடையில் கேட்டுக்கு விற்கிற சங்கிலி வேண்டாம், அது பச்சை இரும்பு. கண்ணி 10 மில்லிமீட்டருக்குக் குறையாமல், கடினப்படுத்திய இரும்பில், சதுரக் கண்ணியாகப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் சொல்வதை நம்பத் தேவையில்லை. ஒரு சின்ன அரம் கொண்டுபோய்க் கண்ணி ஓரத்தில் உரசிப் பாருங்கள். அரம் கண்ணாடியில் போவது மாதிரி வழுக்கினால் நல்ல சரக்கு. பல் பிடித்துத் தூள் உதிர்ந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பூட்டுக்கும் இதே சோதனைதான். வளையம் அதிகம் வெளியே தெரியாத பூட்டாக இருக்கட்டும்.

கட்டுகிற இடமும் முக்கியம். பின் சக்கரத்துக்குள் நுழைத்து, சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மையும் சேர்த்துச் சுற்றுங்கள். கிராஷ் கார்டு, பின்னால் இருக்கிற கைப்பிடி, சேலை கார்டு இதிலெல்லாம் கட்டினால் ஸ்பேனர் இருக்கிறவனுக்கு ஐந்து நிமிஷ வேலை. முன் சக்கரத்தை மட்டும் கட்டினால் சக்கரத்தை உங்களுக்கு விட்டுவிட்டு மீதியைக் கொண்டு போவான். சங்கிலி தொளதொளவென்று தரையில் கிடக்கவும் கூடாது. பெரிய கட்டரின் ஒரு பிடியைத் தரையில் ஊன்றி, மறு பிடியில் உடம்பு முழுதையும் போட்டு அழுத்த அதுதான் வசதி. இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிவிட்டால் அந்த வசதி போய்விடும்.

வீட்டுக்குள் ஏற்றலாமா என்று கேட்டீர்கள். ஏற்றலாம், திருட்டுக்கு அதைவிடப் பாதுகாப்பு இல்லை. ஆனால் முதலில் டேப்பை எடுங்கள். ஸ்பிளெண்டரின் ஹேண்டில் அகலம் 720 மில்லிமீட்டர். பழைய இரண்டரை அடி நிலைவாசல் என்றால் 762. இரண்டு பக்கமும் விரல் நுழைகிற இடைவெளிதான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஹேண்டிலைக் கொஞ்சம் திருப்பி நுழைக்க வேண்டியிருக்கும். படிக்கு ஒரு சாய்வுப் பலகை வேண்டும். ஓரடி உயரத்துக்கு நாலடி நீளமாவது இருக்கட்டும். அதைவிடக் குறைந்தால் சரிவு செங்குத்தாகி, அடியில் சைலன்சர் இடிக்கும். மழையில் மரப்பலகை வழுக்கும், செக்கர் பிளேட் தகடுதான் சரி.

என் அனுபவத்தில் இதில் வருகிற சிக்கல் வேறு. முதல் பதினைந்து நாள் எல்லோரும் ஒழுங்காக ஏற்றுகிறார்கள். பதினாறாம் நாள் ராத்திரி பத்தரைக்கு வேலை முடிந்து களைத்து வந்து, "இன்னைக்கு ஒரு நாள் வெளியே நிக்கட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். அப்புறம் பலகை கட்டிலுக்கு அடியில் போய்விடும். முளையில் கட்டிப் பூட்ட ஒரு நிமிஷம் போதும். அதனால் உங்களுக்கு என் ஓட்டு தினசரிக்கு முளை, வெளியூர் போகும்போது வீட்டுக்குள்.

உள்ளே வைத்தால் கவனிக்க வேண்டியது நெருப்பு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தரையாகப் பரவும். நம் வீடுகளில் தீ இருப்பதும் தரையில்தான்: கொசுவர்த்திச் சுருள், வாசல் விளக்கு, கார்த்திகை அகல். வீட்டின் முன்பக்கத் தார்சாவில் வைக்கலாம். பட்டாசலில், அதாவது நடுக்கூடத்தில், அடுப்படிப் பக்கம் வேண்டாம். வண்டி நிற்கிற அறையில் ஆள் படுக்கக் கூடாது. பெட்ரோல் வாடை லேசாக வந்தாலும் உடனே வெளியே தள்ளிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். உள்ளே வைத்து ஸ்டார்ட் செய்து சூடாக்குகிற வேலையும் வேண்டாம், அந்தப் புகை ஆளைக் கொல்லும். இன்னொன்று, வீட்டுக்கு இருப்பதே ஒரு வாசல் என்றால் அதை அடைத்து நிறுத்தாதீர்கள். நடு ராத்திரியில் வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளியே ஓட வேண்டி வந்தால் ஹேண்டில் குறுக்கே நிற்கக் கூடாது.

ஒரு மாசம் வெளியூர் போகிறீர்களா? டேங்கை நிரப்பிவிட்டுப் போங்கள். காலியான டேங்கில் ஈரக்காற்று நின்று உள்பக்கம் துருப்பிடிக்கும். இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலப்பு இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும் சரக்கு. நிரம்பிய டேங்கில் காற்றுக்கே இடம் குறைவு. பேட்டரியில் கறுப்பு வயரை, அதாவது நெகட்டிவை, முதலில் கழற்றுங்கள். திரும்பி வந்து மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். எலிதான் பெரிய தொல்லை. அரிசி மூட்டை இருக்கிற வீட்டில் சீட்டுக்கு அடியில் வயரைக் கடித்து வைத்துவிடும். துணியில் நாலு பாச்சா உருண்டை முடிந்து உள்ளே போடுங்கள், சைலன்சர் வாயில் துணி அடையுங்கள். அந்தத் துணியை எடுக்க மறக்காமலிருக்கச் சாவியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிக்கொள்ளுங்கள்.

வெளியே நிற்கிற நாளில் கவர் போடுவது நல்லதுதான். வண்டி தெரியாமல் இருந்தாலே பாதி கண் விலகும். ஆனால் அடிவயிற்றில் பட்டை கட்டுகிற கவராக வாங்குங்கள். நம் ஊர் ஆடிக் காற்றில் கட்டாத கவர் பாய்மரம் மாதிரி விரிந்து வண்டியைச் சாய்த்துவிடும், இல்லாவிட்டால் ராத்திரி முழுக்கப் படபடவென்று அடித்துப் பெயிண்டைத் தேய்க்கும். சைலன்சர் ஆறின பிறகு போடுங்கள். என் சொந்த வண்டியிலேயே அவசரப்பட்டுப் போட்டு, கவர் உருகி ஒட்டியதைப் பிளேடால் சுரண்டி எடுத்திருக்கிறேன். மழை விட்டதும் கவரை எடுத்து ஒரு மணி நேரமாவது காற்றாட விடுங்கள். உவரி, இடிந்தகரைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு உப்புக் காற்றால் துரு வேகமாக ஏறும், அங்கே வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவுவதே முதல் பாதுகாப்பு.

அப்புறம் இன்சூரன்ஸ். இதில்தான் நிறைய பேர் ஏமாந்து போகிறார்கள். 2018 செப்டம்பரிலிருந்து புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதனால் "அஞ்சு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது நீங்கள் யாரையாவது இடித்தால் அவருக்குக் கிடைக்கிற பணம். வண்டி திருடு போனால் அதில் ஒரு பைசா வராது. அதற்குச் சொந்தச் சேதக் காப்பீடு வேண்டும். அது பெரும்பாலும் முதல் வருஷத்தோடு முடிந்திருக்கும். இன்றைக்கே பாலிசியை எடுத்துப் பாருங்கள். இரண்டு வயது தாண்டி மூன்று முடியாத வண்டிக்குக் கம்பெனி விலையில் 30 சதவீதம் கழித்துத்தான் மதிப்புப் போடுவார்கள். அதுவும் கிடைக்க, போலீஸில் உடனே முதல் தகவல் அறிக்கை பதிவாகி இருக்க வேண்டும், இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒரு சாவி தொலைந்திருந்தால் அதற்கு இப்போதே ஒரு பதிவு வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி. புத்தகத்தை வண்டிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், டிஜிலாக்கரில் காட்டினால் போதும். இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

கடைசியாக வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஏறி வந்தபோது நெல்லை ஜங்ஷன் பக்கமிருந்தும் ஆற்றங்கரைத் தெருக்களிலிருந்தும் வந்த வண்டிகளை வாரக்கணக்கில் பிரித்துக் கழுவினோம். தண்ணீர் வடிந்ததும் ஆசையாகக் கிக்கரை உதைத்தவர்களுக்குத்தான் செலவு அதிகம், இன்ஜினுக்குள் போன தண்ணீர், பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடையே வளைத்துவிடும். மூழ்கின வண்டியில் சாவியே போடக் கூடாது, அப்படியே தள்ளிக்கொண்டு வர வேண்டும். முளையில் கட்டுகிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு விஷயம்: கரண்ட் இல்லாத இருட்டில் தண்ணீர் ஏறும்போது சங்கிலிச் சாவி கைக்குக் கிடைக்க வேண்டும். கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி அடித்து, அந்தச் சாவிக்கு மட்டும் என்று வைத்துவிடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

முளை போட்டதும் அன்றைக்கே கட்டிவிடாதீர்கள். ஏழு நாள் காலையும் சாயங்காலமும் தண்ணீர் ஊற்றி, சாக்குப் போட்டு மூடி வையுங்கள். அதுவரை எதிர்வீட்டு வண்டியின் பின் சக்கரத்தோடு உங்கள் வண்டியைச் சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள். காலையில் யார் முதலில் கிளம்புகிறார்களோ அவர்களிடம் சாவி இருக்கட்டும்.