சேலத்தில் இருந்துகொண்டே மீடியா வேலைக்குப் போக முடியுமா?

கேட்டிருப்பவர் பிளஸ் டூ முடித்த பெண். வீடு செவ்வாய்ப்பேட்டையில், அப்பா கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். "மீடியா, கிரியேட்டிவ் வேலை எதிலாவது சேர ஆசை. எது என்றுதான் தெரியவில்லை. வீட்டில் பி.காம். சேரச் சொல்கிறார்கள். சென்னைக்குப் போயே ஆக வேண்டுமா?" இதுதான் கேள்வி.

நான் அம்மாபேட்டைக்காரி. பதினோரு வருடமாக ஒலிப்பதிவு வேலை செய்கிறேன். படப்பிடிப்பு நடக்கும் இடத்திலேயே பேச்சையும் சத்தத்தையும் பதிவு செய்து கொடுக்கும் வேலை. ஆவணப்படம், விளம்பரம், குறும்படம் என்று போய்க்கொண்டிருக்கிறது. வேலை இருக்கும்போது சென்னைக்கோ கோவைக்கோ போவேன், முடிந்ததும் ரயிலேறி வந்துவிடுவேன். வீடு இன்னமும் சேலம்தான்.

என்ன படிப்பது என்று முடிவு செய்வதற்கு முன்னால், உங்களுக்குப் பிடித்திருப்பதாகத் தோன்றும் வேலையைச் செய்கிற ஒருவர் பக்கத்தில் ஒரு வாரமாவது உட்கார்ந்து பாருங்கள். பத்திரிகை ஆபீஸில் ராத்திரி பதினோரு மணிக்குப் பக்கம் முடிக்கிறவர் பொழுதும், கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவர் பொழுதும், மூன்று நிமிட வீடியோவுக்கு மூன்று நாள் எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்திருக்கிறவர் பொழுதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. வெளியே இருந்து பார்க்கும்போது எல்லாம் "மீடியா" என்று ஒன்றாகத் தெரிகிறது. பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டாவது நாளே எது ஒத்துவரும், எது வராது என்று உடம்பு சொல்லிவிடும்.

எனக்கு அப்படித்தான் தெரிந்தது. 19 வயதில் நாலு ரோடு பக்கம் ஒரு வீடியோ கடையில் சேர்ந்தேன். மெமரி கார்டில் இருப்பதை கம்ப்யூட்டருக்கு ஏற்றி, தேதி போட்டு வைக்கும் வேலை. ஒரு முகூர்த்தத்தில் கல்யாணப் பெண்ணுக்கு காலர் மைக் மாட்ட வேண்டி வந்தது. பட்டுப்புடவை மடிப்புக்குள் ஒயரை மறைத்து மாட்ட கடை அண்ணன்கள் தயங்கினார்கள், என்னை அனுப்பினார்கள். மாட்டிவிட்டு ஹெட்போனில் கேட்டால் பேச்சே இல்லை, பட்டு உரசுகிற சரசரப்பு மட்டும்தான். மைக்குக்குப் பின்னால் கொஞ்சம் பிளாஸ்திரி ஒட்டி, மாலைக்கு மேலே நகர்த்தி வைத்தேன். அப்போது அந்தப் பெண் குனிந்து தன் அம்மாவிடம், "மாத்திரை போட்டியாம்மா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. மேடையைச் சுற்றி அத்தனை கூட்டம், அத்தனை சத்தம். அந்த ஒரு கேள்வி அவள் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் கேட்டது. அன்று வீட்டுக்குப் போனபின்னும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கேமரா பக்கம் எனக்கு ஒருநாளும் இப்படி ஆனதில்லை.

அப்புறம் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு தனியார் இடத்தில் ஆறு மாத சவுண்ட் கோர்ஸ் சேர்ந்தேன். நூறு சதவீதம் வேலை உறுதி என்றார்கள். நாற்பது பேருக்கு ஒரே ஒரு மிக்ஸர், பல மைக்குகளின் சத்தத்தைக் கலந்து சரிசெய்கிற கருவி. ஆறு மாதத்தில் என் கை அதில் பட்டது இரண்டு தடவை. வேலையும் வரவில்லை. அந்தக் கடனை அப்பா தறி ஓட்டி இரண்டு வருடம் கட்டினார். அதனால் சொல்கிறேன், எங்கே பணம் கட்டுவதாக இருந்தாலும் வகுப்பு நடக்கிற ஒரு நாளில் நேரில் போங்கள். போன வருடப் பிள்ளைகள் முடித்த வேலையைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு ஆளுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கருவி கையில் கிடைக்கும் என்று கேளுங்கள். இதற்கு மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள்.

முறையாகப் படிக்க வேண்டும் என்றால் தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம், அனிமேஷன் என்று தனித்தனிப் பட்டப்படிப்புகள், நான்கு வருடம். அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் தனியாரைப் போல இல்லை, இடங்களும் குறைவு. பிரிவுக்குப் பிரிவு தகுதி மாறும், சேர்க்கை அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள். எழுத்து, செய்தி என்று மனம் போனால் நம் ஊரிலேயே பெரியார் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை இருக்கிறது, ஒரு டிகிரி முடித்துவிட்டு அங்கே முதுகலை சேரலாம். பெரிய தமிழ் நாளிதழ்கள் சேலத்திலும் பதிப்பு நடத்துகின்றன, ஆக செய்தி வேலையைப் பார்த்துப் பழக ஊரைவிட்டு நகர வேண்டியதில்லை.

ஏற்காடு ரோட்டில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பீர்கள். பஸ்ஸில் போகிற பாதிப் பேருக்கு அது ஏதோ பழைய வாசல். 1930களில் டி.ஆர். சுந்தரம் அங்கே சினிமா ஸ்டுடியோ கட்டினார். திருச்செங்கோட்டுக்காரர், நூல் வியாபாரக் குடும்பம், இங்கிலாந்து போய் ஜவுளித் தொழில் படித்துவிட்டு வந்தவர். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இல் அவர் தயாரித்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் அங்கிருந்துதான் வந்தது. வசனம் எழுதுகிறவர், செட் போடுகிற ஆசாரி, தையல்காரர், லேப் ஆள் எல்லோரும் இதே ஊரில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த காலம் ஒன்று இருந்தது. இன்று வளைவு மட்டும்தான் மிச்சம். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம், போஸ்டரில் பேர் வராத அந்த ஆசாரியும் தையல்காரரும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். இன்றைக்கும் இந்தத் துறையில் முக்கால்வாசி வேலை அந்த மாதிரி வேலைதான். சப்டைட்டில் எழுதுவது, கலர் சரிசெய்வது, புரொடக்ஷன் கணக்குப் பார்ப்பது, நகைக்கடை கேட்டலாக்குக்குப் படம் எடுப்பது. யாரும் கனவு காணாத வேலைகள், ஆனால் சோறு போடுகிற வேலைகள்.

உள்ளூர்க்காரியாக இருப்பதில் ஒரு பலம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் முன்பு ஒரு வயதான நெசவாளரைப் பற்றிய ஆவணப்படம், எங்கள் பகுதியிலேயே. அவர் வீட்டுத் தறியை நிறுத்தினாலும் தெரு முழுக்க விசைத்தறி ஓடுகிறது. அவர் குரலோ மெலிசு. சென்னையில் இருந்து வந்த டைரக்டர், பக்கத்து வீடுகளிலும் தறியை நிறுத்தச் சொல்லலாமா என்றார். நிறுத்தினால் அவர்களுக்குக் கூலி போகும், நான் கேட்க மாட்டேன் என்றேன். மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காக ஈ.பி.யில் பவர் கட் செய்வார்களே, அந்த நாளைச் சொல்லி, அதுவரை பொறுங்கள் என்றேன். அன்று காலை கரண்ட் போனதும் ஒவ்வொரு தறியாக நின்றது. என் கருவி பேட்டரியில் ஓடுவது. தெருவில் சைக்கிள் போகிற சத்தம் கேட்டது, தாத்தா மூச்சு வாங்குவது கேட்டது. சாயப் பட்டறையில் வேலை செய்த தன் அக்காவைப் பற்றி அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை அவர் அன்று சொன்னார். சத்தம் அடங்கினதால்தான் பேசினார் என்று நான் நம்புகிறேன். எந்த நாளில் தறி நிற்கும் என்பதை எனக்கு எந்தக் கோர்ஸிலும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

பணத்தைப் பற்றி. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, கல்யாண வேலையை நம்பியிருந்தால் அந்த இரண்டு மாதமும் கையில் காசு இருக்காது. மற்ற வேலைகளில் பணம் மூன்று மாதம் கழித்து வரும், டி.டி.எஸ். என்று வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு வரும். கொட்டேஷன் போட, பில் எழுத, வருமான வரி தாக்கல் செய்து பிடித்ததைத் திரும்ப வாங்க எனக்குத் தெரியாமல் முதல் நான்கு வருடம் நிறைய விட்டேன். ஆகவே தங்கச்சி, பி.காம். என்று அப்பா சொல்வதை எதிரியாகப் பார்க்காதீர்கள். பகலில் கல்லூரி, முகூர்த்த நாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் யாராவது ஒருவரிடம் வேலை என்று மூன்று வருடம் ஓட்டலாம். ராத்திரி வேலை என்றால் யாரோடு போகிறேன், எப்போது திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். என் அம்மாவுக்கு மண்டபத்தின் பெயரும் கூட வருகிறவர் நம்பரும் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன், இப்போதும்.

எது உங்களுக்கு வரும் என்று தெரிந்துகொள்ள இந்த மாதமே ஒன்று செய்யலாம். அப்பா பட்டறையைப் பற்றி மூன்று நிமிட வீடியோ, செல்போனில் போதும். வெள்ளி உருக்குவதில் தொடங்கி கம்பி இழுப்பது, பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பது, மெருகு போடுவது வரைக்கும். நீங்களே எழுதி, எடுத்து, வெட்டி, கீழே வரி போட்டு முடியுங்கள். யாருக்கும் அனுப்ப வேண்டாம். எந்த இடத்தில் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தீர்கள், எதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டீர்கள் என்று மட்டும் கவனியுங்கள். அதற்கப்புறம் எந்தப் படிப்பு என்று யோசித்தால் போதும்.

அப்பாவைப் பேசவைத்து எடுப்பதாக இருந்தால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடுங்கள், மெருகு மோட்டார் நின்றிருக்கும். போனை அவர் சட்டைப் பைக்குப் பக்கத்தில் வையுங்கள், ஃபேனை நிறுத்திவிடுங்கள். அவர் பேசி முடித்த பிறகும் முப்பது விநாடி பட்டறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட் செய்யும்போது பேச்சுக்கு நடுவே வெட்டின இடங்களை அதை வைத்துத்தான் நிரப்ப முடியும்.