ஆஞ்சியோவில் போடும் சாயமே ரத்தக் குழாய் அழற்சியைக் காட்டாதா? ஒளிரும் சாயம் என்பது வேறா?

வேறுதான். ஆஞ்சியோவில் செலுத்துவது எக்ஸ்ரேயில் தெரியும் அயோடின் மருந்து. ரத்தம் ஓடும் வழி எங்கே குறுகியிருக்கிறது என்று அது காட்டும். சுவருக்குள் படிந்த கொழுப்பு சும்மா கிடக்கிறதா, அழற்சியால் உள்ளுக்குள் புகைகிறதா என்பது அதில் தெரியாது. அப்பாவுக்கு 40 சதவீத அடைப்புதான், பயப்பட வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்களே, சிக்கலே அங்கேதான்: சின்ன அடைப்பும் அழற்சியால் மேல்தோல் மெலிந்து கிழிந்தால் மாரடைப்பில் முடியலாம்.

அந்தப் புகைச்சலைத் தேடத்தான் ஒளிரும் சாயங்கள், அதாவது ஒளியை வாங்கி வேறு அலைநீளத்தில் திருப்பி விடுபவை. அவற்றில் நான் கையாண்டது இண்டோசயனின் கிரீன். புதுசு ஒன்றும் இல்லை, 1950களிலிருந்தே மருத்துவத்தில் இருக்கிறது. கல்லீரல் சோதனைக்கும் விழித்திரைக்கும் பயன்படுத்துகிறார்கள். 25 மில்லிகிராம் குப்பியில் கரும்பச்சைத் தூளாக வரும், சலைனில் கரைக்கக் கூடாது, கூடவே தரும் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரமே விரலெல்லாம் பச்சையாக்கிக்கொண்டு மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்து கிண்டல் வாங்கினேன். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பச்சை கண்ணுக்குத் தெரியும், அதன் ஒளிர்வு தெரியாது. சுமார் 800 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை வாங்கி 830 வாக்கில் திருப்பி விடும், கேமரா வைத்தால்தான் பிடிபடும். அந்த அலைநீளத்தை ரத்தமும் தண்ணீரும் அதிகம் விழுங்காது, நமக்கு வசதி.

நரம்பில் ஏற்றியதும் சாயம் ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும், கல்லீரல் சில நிமிடங்களிலேயே வடிகட்டத் தொடங்கிவிடும். ஆனால் குழாயின் உள்தோல் ஓட்டையாகிப் போன இடத்தில் அது சுவருக்குள் கசிந்து, கொழுப்பிலும் அதைத் தின்று வீங்கிய மேக்ரோபேஜ் எனும் நோய் எதிர்ப்பு செல்களிலும் தங்கிவிடுகிறது. ரத்தம் தெளிந்த பிறகும் அந்த இடம் மட்டும் மினுங்கும். 2011ல் பாஸ்டன் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக் குழு முயல்களின் ரத்தக் குழாய்க்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழலை விட்டு இதைக் காட்டியது. அப்புறம் 2016ல், கழுத்துத் தமனி அறுவைக்கு முன் நோயாளிகளுக்கே சாயம் ஏற்றி, வெட்டியெடுத்த படிவுகளைப் பார்த்தார்கள், அவையும் ஒளிர்ந்தன.

இதை ‘அழற்சிச் சாயம்’ என்று எழுதுவது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. கசிவு, கொழுப்பு, மேக்ரோபேஜ் மூன்றும் சேர்ந்துதான் மினுங்குகின்றன, எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது. அழற்சியில் பெருகும் கத்தெப்சின் என்ற புரதம் வெட்டும் நொதி வெட்டினால்தான் ஒளிரும் வேறு சாயங்கள் உண்டு, அழற்சிக்கு அவைதான் நெருங்கிய சாட்சி.

அப்பாவுக்கு இதை எங்கே எடுக்கலாம் என்று அலைய வேண்டாம். இதயத் தமனிக்கு இது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது, அதற்கும் கதீட்டர் உள்ளே போயாக வேண்டும்.